லொறியில் ஏறுவது யார் குற்றம்?

2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்தது. 14 பேருக்குக் குறையாமல் மாண்டனர். பாறை சரிந்து பாதை ஒடுங்கியிருந்த இடம் அது. எதிரே டிப்பர் ஒன்றும் வந்தது.

ஒடுங்கிய மலைப்பாதையில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். சாரதிமார் அறிந்த விதிதான். ஆனால் விதிகள் சாரதிக்கு மட்டுமல்ல, வண்டியேறும் நமக்கும் உண்டு.

2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவிலும், 2025 நவம்பரில் டித்வா புயலிலும் இடம்பெயர்ந்தோர் நம்மிடையே உள்ளனர். தோட்டமும் சந்தையும் தூரமாகிவிட்டால், பஸ் இல்லாத வேளையில் மரக்கறி லொறியின் மூட்டைகள்மேல் ஏறிவிடுகிறோம். லொறிக்காரரும் பாவம் பார்த்தே ஏற்றுகிறார் (காசு வாங்குவதும் உண்டு!). பொருள் லொறியில் கூலிக்கு ஆளேற்றுவது சட்டத்துக்கு மாறானது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீடு பெறுவதும் சிக்கலாகும். பஸ்ஸிலோ, கையிலுள்ள பயணச்சீட்டே நாம் அதில் சென்றதற்குச் சாட்சி. நடத்துனரிடம் கேட்டு வாங்குவோம்.

"லொறியில் ஏறாதீர்கள்" என்று பிரசங்கிப்பது எளிது. பஸ் வேண்டுமே! மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு வழித்தட அனுமதி வழங்குவது மாகாண நிர்வாகம். மாகாணம் கடப்பவற்றுக்கு, 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு. அதற்கு முறைப்பாடு சொல்ல 1955 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. எந்த நேரம், எத்தனை பேர், அதில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை என்று கணக்கெடுத்து, கிராமச் சங்கத்தின் பேரில் எழுதிக் கேட்போம். கடிதம் தமிழிலேயே இருக்கலாம். தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தரும் உரிமை.