வணங்க இடமுண்டு, அமர இடமுண்டா?

இங்கிலாந்தில் அரசு நிதியில் நடைபெறும் பள்ளிகளில் நாள்தோறும் கூட்டு வழிபாடு நடைபெற வேண்டும் என்பது 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் முதல் தொடர்ந்து வரும் விதியாகும். மதச்சார்பற்ற நாட்டில் வாழும் நமக்கு இது சற்று வியப்பளிக்கலாம். விருப்பமில்லாத பெற்றோர் தம் குழந்தையை அவ்வழிபாட்டிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமையையும் அதே சட்டம் வழங்கியது.

அந்நாட்டில்தான் 2008ஆம் ஆண்டு, லண்டனின் ஹாரோ பகுதியில், கிருஷ்ண அவந்தி தொடக்கப்பள்ளி திறக்கப்பட்டது. அரசு நிதியுதவியுடன் பிரிட்டனில் தோன்றிய முதல் இந்துப் பள்ளி அது. கண்ணனும் பலராமனும் சாந்தீபனி முனிவரிடம் குருகுலவாசம் செய்த உஜ்ஜயினியின் பழம்பெயரே அவந்தி. பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? அங்கே பிள்ளைகளுக்குச் சைவ உணவு, வளாகத்திற்குள்ளேயே கோயில்.

பல சமயக் குழந்தைகளும் பயிலும் பொதுப் பள்ளியில் கோயில் எழுப்புவது இயலாது. அந்நாட்டின் தொடக்கப்பள்ளிகள் சிலவற்றில் வேறொரு முறை வழக்கத்தில் உள்ளது. ஒரு வகுப்பறையையோ நூலகத்தின் ஒரு மூலையையோ சில நாள்களுக்கு ஒதுக்கி, பாயும் மெத்தைகளும் விரித்து, மெல்லிய துணியால் கூடாரம்போல் மறைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தேவாலயத் தொண்டர்களே இதை அமைக்கிறார்கள் எனினும், எச்சமயக் குழந்தையும் உள்ளே வரலாம். ஓரிடத்தில் கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் இருக்கும். தன் மனத்தைப் புண்படுத்திய ஒருவரை நினைத்துக்கொண்டு, நுரைத்துக் கரையும் மாத்திரை ஒன்றைக் குழந்தை அதில் இடுகிறது. அது முழுவதும் கரையும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறது. மன்னிப்பு என்ற சொல்லுக்கு ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான உரை சொல்வது கடினம்.

நம் பள்ளிகளுக்கு வருவோம். முற்றிலும் அரசு நிதியால் நடைபெறும் கல்விக்கூடத்தில் சமயபோதனை கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவு. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பிற பள்ளிகளிலும், சிறுவர்களை வழிபாட்டில் கலந்துகொள்ளச் செய்யப் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவு வேண்டும். கேரளத்தில் தேசிய கீதத்தின்போது மரியாதையுடன் எழுந்து நின்று, தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடாதிருந்த மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டது. வழக்கு தேசிய கீதம் பற்றியதே. ஆயினும் குழந்தையின் மௌனத்தை அவமரியாதை என்று கருதலாகாது என்னும் தெளிவு வழிபாட்டிற்கும் பொருந்தும்.

அறக்கட்டளைகள் நடத்தும் நம் பள்ளிகள் பலவற்றில் வாயிலில் பிள்ளையாரோ கலைமகளோ எழுந்தருளியிருப்பதுண்டு. மணி அடித்துவிடுமே என்ற பதற்றத்தில் பிள்ளைகள் ஓடியபடியே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். காலை வழிபாடோ வரிசை, சீருடை, நகம் இவற்றின் சோதனையோடு கலந்துவிட்டது. கோயிலில் தரிசனம் முடிந்தபின் சிறிது நேரம் உட்கார்ந்து எழுவது நம் மரபு. அந்த உட்காரும் இடந்தான் பள்ளியில் இல்லை. பாட்டியை இழந்த மறுவாரம் வகுப்பிற்கு வரும் குழந்தையும், வீட்டில் நடந்த சண்டையைச் சுமந்து வரும் குழந்தையும் எங்கே போய் அமர்வார்கள்?

ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலி பள்ளியில், மாணவர்கள் மாலையில் ஒன்றுகூடிக் கதிரவன் மறைவதைப் பேசாமல் பார்த்து அமர்ந்திருக்கும் வழக்கம் உண்டு. அஸ்தாசல் என்பது அதன் பெயர். விக்கிரகமும் இல்லை, மந்திரமும் இல்லை. எவருக்கும் ஆட்சேபம் எழ வழியுமில்லை.

இதற்குப் பெரிய செலவு ஏதும் வேண்டியதில்லை. வேப்பமரத்தடியில் ஒரு திண்ணை, அல்லது சன்னலோரம் நான்கு பாய்கள் போதும். உடைந்த பெஞ்சுகள் அங்கே வந்து சேராமல் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். குறும்பு செய்த பிள்ளையை “அங்கே போய் உட்கார்” என்று ஒருபோதும் அனுப்பலாகாது. ஒருமுறை அது தண்டனை இடமாகிவிட்டால் பிறகு எந்தக் குழந்தையும் விரும்பி வராது. யார் வந்தார், யார் வரவில்லை என்ற பதிவேடும் வேண்டாம். ஆசிரியரும் கைபேசியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்து, பிள்ளைகளோடு பத்து நிமிடம் தரையில் அமரலாம்.