தேர்ந்தெடுப்பவர் ஒருவர், தெண்டம் அழுபவர் ஒருவர்!

கடைக்குப் போகிறோம். அரிசியை அள்ளிப் பார்க்கிறோம். கல் இருக்கிறதா, விலை கட்டுமா என்று கேட்கிறோம். வாங்குவதும் நாம், உண்பதும் நாம், ஆகவே கேட்கிறோம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் உளவியல் தொடக்க வகுப்புக்குப் புத்தகம் வாங்கும் முறையோ வேறு! எந்த நூல் என்று முடிவு செய்பவர் பேராசிரியர். அவருக்குப் பதிப்பகத்தார் மாதிரிப் பிரதியை இலவசமாகவே அனுப்புவர். விலை கொடுப்பவனோ மாணவன். விளைவு என்ன? 2006 ஜனவரிக்கும் 2016 ஜூலைக்கும் இடையே கல்லூரிப் பாடநூல் விலை 88 சதவிகிதம் ஏறியது. சொல்வது நாமல்ல, தோழர்களே. அந்நாட்டு அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை!

அத்தனை விலை கொடுத்த அரிசியில் கல்லாவது இல்லையா?

1964 மார்ச் 13. நியூயார்க் நகரின் க்யூ கார்டன்ஸ் பகுதி. மதுக்கடையில் வேலை முடிந்து, விடியுமுன் வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டே நின்றனர், ஒருவரும் உதவவில்லை என்று எழுதியது நியூயார்க் டைம்ஸ். அந்தக் கதை உளவியல் பாடநூல்களில் குடியேறியது.

உண்மை என்ன? ஒருவர் ஜன்னலிலிருந்து அதட்டிக் கொலைகாரனை ஒருமுறை விரட்டினார். சோபியா ஃபரார் என்ற அண்டை வீட்டுப் பெண் தன் உயிரையும் பாராமல் ஓடிவந்து, குற்றுயிராய்க் கிடந்த கிட்டியைத் தாங்கிக்கொண்டார். 38 பேர் கதைக்கு ஆதாரம் இல்லை என்று 2007-ல் மூன்று ஆய்வாளர்கள் எழுதினர். சாட்சிகளின் எண்ணிக்கையையும் அவர்கள் கண்டதையும் பெரிதுபடுத்தி விட்டதாக 2016-ல் அந்த ஏடே ஒப்புக்கொண்டது.

பலர் கூடியிருக்கும்போது உதவத் தயங்குவர் என்பதற்கு ஆய்வகச் சோதனைகள் தனியே உண்டு; அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் சாதாரண மக்களைக் கல்நெஞ்சராக்கிய கட்டுக்கதையைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை காசு கொடுத்து ஏன் படிக்க வேண்டும்?

மாற்று வழி உண்டு. ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் 2014-ல் ஓர் உளவியல் அறிமுக நூலை வெளியிட்டது. இணையத்தில் படிக்கக் காசு வேண்டாம்; ஆசிரியர் திருத்தியும் கொள்ளலாம். இலவசம் என்பதாலேயே நல்லது ஆகிவிடாது. அதையும் அள்ளிப் பார்க்கத்தான் வேண்டும்.

நூலைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர் அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். கிட்டியின் கதை உள்ள பக்கத்தைப் புரட்டட்டும். அங்கே இன்னும் அந்த 38 பேர் வேடிக்கை பார்த்து நின்றால், புத்தகத்தை மூடட்டும். பிறகு விலையைப் பார்க்கட்டும், தன் பையிலிருந்து போகும் பணமாக நினைத்து!