சண்முகம், சலீம்: ஒரே அச்சு போதாது

விருத்தாசலம் ரயில் சந்திப்பில் நாள் முழுக்கக் கேட்கும் அறிவிப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டி எண், ஊர்ப் பெயர், நடைமேடை எண் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். மற்ற சொற்கள் மாறாது. "விருத்தாசலம் வழியாக", "சேலம் வரை" என்னும்போது எந்த ஊரைப் பொருத்தினாலும் பெயர் அப்படியே நிற்கிறது. சேலத்துக்கு, கடலூருக்கு, திருச்சிக்கு என்று சொல்லப் புகுந்தால் ஊருக்கு ஊர் பெயரின் வால் மாறிவிடும்.

கணினி விளையாட்டின் மெனுவுக்கும் இதே வேலைதான். செராமிக் தொழிற்பேட்டையும் அகல் விளக்கும் கொலு பொம்மையுமாகப் பெயர் எடுத்த இந்த ஊரை வைத்தே ஒரு விளையாட்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "களிமண் வாங்கு (கையில் 240 ரூபாய்)" என்று மெனுவில் ஒரு வரி. அந்த 240 நிலையான எழுத்து அல்ல. செலவழிக்கச் செலவழிக்கக் குறையும் மாறி. 2004 முதல் புழக்கத்தில் இருக்கும் ரென்பை என்ற இலவச விளையாட்டு உருவாக்க மென்பொருளில், மாறியின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் போதும். மெனு திறக்கும்போது அப்போதைய மதிப்பு வந்து உட்காரும். நிரலாளருக்கு இது முதல் வாரப் பாடம்.

தமிழில் அது அத்தோடு முடிவதில்லை.

முதல் சிக்கல் எழுத்தின் வடிவம். விளையாட்டின் தலைப்பு ஒருபோதும் மாறாது என்பதால் அதைப் படமாக வரைந்து ஒட்டிவிடலாம். ஆடுபவர் தட்டும் பெயரை அப்படிச் செய்ய முடியாது. அந்த நொடியிலேயே எழுத்துகளைக் கோக்க வேண்டும். கோக்கத் தெரியாத மென்பொருளில் "கொலு" என்ற சொல்லின் கொம்பு, எழுத்துக்கு இடப்புறம் வராமல் வலப்புறம் தொங்கும். 2023இல் வெளியான ரென்பை 8.1, அதேபோல் விளையாட்டு உருவாக்க உதவும் கோடோ 4.0 இரண்டும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நிரலைச் சேர்த்துக்கொண்ட பிறகு இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்திருக்கிறது.

இரண்டாவது சிக்கலை எந்தக் கருவியும் தானாகத் தீர்க்காது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் ஒரு சின்னச் சொல்லை வைத்தால் வாக்கியம் முடிந்தது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி, பெயரையே மாற்றுகிறது. சண்முகம் என்றால் சண்முகத்துக்கு; சலீம் என்றால் சலீமுக்கு. இரண்டும் "ம்" என்றுதான் முடிகின்றன. கடைசி எழுத்தைப் பார்த்து உருபைச் சேர்க்கும் நிரல் எழுதினாலும், ஒருவருக்குச் சரியாக வருவது மற்றவருக்குப் பிசகும். இதற்கு அஞ்சித்தான் பல செயலிகள் "சண்முகம்-க்கு" என்று நடுவில் கோடு போட்டு விடுகின்றன. பள்ளிப் பிள்ளை இப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். பல லட்சம் பேர் பார்க்கும் திரையில் மட்டும் அதை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

தீர்வு வாக்கியத்தை அமைப்பதில் இருக்கிறது. "சண்முகத்துக்கு 50 புள்ளிகள் கிடைத்தன" என்பதற்குப் பதில் "சண்முகம் பெற்ற புள்ளி: 50" என்று எழுதினால் எந்தப் பெயரும் பொருந்தும். ஊர், பொருள் போன்றவை முன்கூட்டியே தெரிந்தவை. விருத்தாசலம், விருத்தாசலத்துக்கு, விருத்தாசலத்தில் என மூன்று வடிவங்களையும் பட்டியலிலேயே சேர்த்து வைக்கலாம். "அகல்(கள்)" என்ற அடைப்புக்குறியும் வேண்டியதில்லை. "12 அகல் கொடுங்கள்" என்றுதான் கடையில் கேட்கிறோம்.

டொரன்டோவில் உருவான 'வெண்பா' என்ற கணினி விளையாட்டு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதைக்கு உலகம் காதுகொடுக்கும் காலம் இது. ஆனால் தமிழ்ப் பதிப்பு செய்பவர்களின் கைக்குப் பெரும்பாலும் வருவது முன்பின் தெரியாத துண்டு வரிகளின் அட்டவணைதான். ஒவ்வொரு வரியிலும் மாறி வரும் இடத்தில் வரப்போவது ஆள் பெயரா, ஊரா, எண்ணா என்று அதில் எழுதித் தர வேண்டும். தமிழ் படித்தவரை நிரலாளர் பக்கத்திலேயே உட்காரவைக்க வேண்டும். வெளியிடும் முன் சண்முகம், சலீம், கமலா, வேலு, மேரி ஆகிய ஐந்து பெயர்களையாவது ஒவ்வொரு வரியிலும் தட்டிப் பார்க்க வேண்டும்.