கிறீச்சிடாத பிரேக் வேண்டும்: சென்னை ரயில் பாதையோர மக்களின் கோரிக்கைச் சாசனம்

பெரம்பூர், வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ், எழும்பூர், மாம்பலம், தாம்பரம் என்று தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களும், அன்றாடம் ரயிலில் போய் வருபவர்களும், நடைமேடையில் சுமை தூக்கியும் தேநீர் விற்றும் பிழைப்பவர்களும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். ரயில் ஓடும் சத்தத்தோடு வாழப் பழகியவர்கள் நாங்கள். அதைப் பற்றி இங்கே பேசவில்லை. வண்டி நிலையத்துக்குள் நுழைந்து நிற்கப் போகும் கடைசி வினாடிகளில் பிரேக்கிலிருந்து கிளம்பிக் காதைத் துளைக்கும் கிறீச்சொலியைப் பற்றித்தான் பேசுகிறோம். ரயில் நிற்பதற்கு அந்தச் சத்தம் தேவையே இல்லை. அது ஏன் எழுகிறது என்பதும், எப்படி அடக்கலாம் என்பதும் பொறியாளர்களுக்குத் தெரிந்த விஷயங்கள்.

சத்தத்திலிருந்து விடுபட்டு வாழ்வது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40. ஆகவே உரிமை உண்டா என்று வாதாட நாங்கள் வரவில்லை. எப்போது என்பது மட்டுமே எங்கள் கேள்வி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். டிஸ்க் பிரேக் வந்ததை நாங்கள் வரவேற்கிறோம். பழைய வகைப் பெட்டியில் பிரேக் கட்டை நேரே சக்கரத்தின் ஓடுபரப்பில் உரசும். அந்த உரசல் சக்கரத்தைச் சொரசொரப்பாக்கி, வழி நெடுக இரைச்சலைக் கூட்டும். பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். அந்த வகைப் பெட்டிகளின் உற்பத்தியை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டு, டிஸ்க் பிரேக் கொண்ட எல்.எச்.பி. வகைப் பெட்டிகளுக்கு மாறியது. எல்.எச்.பி.யில் சக்கரத்தைத் தொடாமல், அச்சில் பூட்டிய தனித் தட்டை (டிஸ்க்) பிரேக் பேட்டுகள் இருபுறமும் கவ்வுகின்றன. ஓட்டம் பாதுகாப்பானது, சக்கரமும் வழவழப்பாக இருக்கிறது. மிச்சம் நிற்பது கடைசி வினாடிகளின் கிறீச்சொலி ஒன்றுதான். அதையும் தீர்த்து இந்த மாற்றத்தை முழுமையாக்குங்கள் என்கிறோம்.

எங்கள் முதல் கோரிக்கை, ஓர் எண். பிரேக் பேட்டை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் தரவிதியில், கிறீச்சொலி இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். நடைமேடையில் நிற்பவரின் காது உயரத்தில், வண்டி நிற்கும் வரையிலான உச்ச அளவு 85 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று நாங்கள் கோருகிறோம். உச்ச அளவு என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒலி விதிகளின் எல்லைகள் நேரச் சராசரியில் பார்க்கப்படுபவை. பத்து வினாடிக் கிறீச்சொலி ஒரு மணி நேரச் சராசரியில் கரைந்துவிடும். உறங்கும் குழந்தையின் காதில் கரையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் ஒலி விதிகள்கூட வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் கிளம்பும்போதும் கடந்து செல்லும்போதும் எழும் சத்தத்துக்கு வரம்பு வைக்கின்றன. பிரேக்கின் கிறீச்சொலிக்கென்று தனி வரம்பு வைக்கவில்லை. அவர்கள் செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, நாம் முதலில் எழுதலாம்.

இரண்டாவது, சோதனை. லக்னோவில் உள்ள, ரயில்வேயின் ஆய்வு மற்றும் தர நிர்ணய அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் ஆய்வுக்கூடத்தில் பேட்டுகளைச் சுழலும் தட்டில் அழுத்திச் சோதிக்கும் டைனமோமீட்டர் இருக்கிறது. உராய்வையும் தேய்மானத்தையும் வெப்பத்தையும் அளக்கும் அதே ஓட்டத்தில் ஒரு மைக்கும் ஒலியைப் பதிவு செய்யட்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். ஆனால் எந்த நிலையில் அளக்கிறார்கள் என்பது முக்கியம். கிறீச்சொலி மெதுவான வேகத்தில், லேசான அழுத்தத்தில்தான் அதிகம் பிறக்கிறது. ஈரக்காற்று உராய்வை மாற்றும். பேட் தேய்ந்து மெலியும்போது அதன் அதிர்வும் மாறும். ஆகவே புதுப் பேட்டிலும் பாதி தேய்ந்த பேட்டிலும், உலர்ந்த தட்டிலும் கடற்காற்றின் ஈரம் படிந்த தட்டிலும் அளக்க வேண்டும். அதன் பிறகு ஓடும் வண்டியில் பொருத்தி, நிஜ நடைமேடையில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது, பேட்டின் வடிவமைப்பு. இந்தச் சாசனத்தின் மையம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். பிரேக் தட்டு 640 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகம். கோயில் மணியைப் போல அதற்கென்று சில இயல்பான அதிர்வுகள் உண்டு. பேட் அழுத்தும்போது உராய்வு விசை அந்த அதிர்வுகளுக்குச் சக்தி ஊட்டுகிறது. தட்டின் ஓர் அதிர்வும் பேட்டின் அதிர்வும் ஏறக்குறைய ஒரே அலைவெண்ணில் சந்தித்தால் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு போகும். அப்படி வளர்ந்து கேட்பதுதான் கிறீச்சொலி. ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல், மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரம்பில் அது விழும்போது துன்பம் மிக அதிகம். ஆக, உராய்வைக் குறைக்காமலே சத்தத்தைக் குறைக்க வழி இருக்கிறது. இரண்டு அதிர்வுகளும் சந்திக்காமல் விலக்க வேண்டும், இல்லையென்றால் சந்தித்தாலும் வளர விடாமல் உறிஞ்சிவிட வேண்டும். பேட்டை ஒரே பாளமாக வார்க்காமல் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் தனித்தனியே அசைந்துகொடுக்கும்படி அமைக்கலாம். விளிம்புகளைச் சாய்வாகச் சீவலாம்; நடுவே காடி வெட்டலாம். உராயும் பொருளுக்கும் பின்தகட்டுக்கும் இடையே அதிர்வை உறிஞ்சும் அடுக்கு வைக்கலாம். பின்தகட்டின் எடையையும் விறைப்பையும் மாற்றலாம். பிரான்ஸில் டி.ஜி.வி. வண்டிகள் நிலையங்களில் எழுப்பிய கிறீச்சொலியைப் பற்றி அந்நாட்டு ரயில்வேயின் பொறியாளர்கள் 2006லேயே கணித மாதிரியும் அளவீடும் சேர்த்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். பெட்டியைக் கட்டும் ஐ.சி.எஃப். பெரம்பூரில் இருக்கிறது, அதிர்வையும் ஒலியையும் ஆராயும் ஆசிரியர்கள் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் இருக்கிறார்கள். இவர்களையும் பேட் தயாரிப்பாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எல்.எச்.பி. தட்டுக்கென்றே அமைதியான பேட்டை வடிவமைக்கும் பணியை இந்த நிதியாண்டிலேயே தொடங்க வேண்டும். வேகம் கூடக்கூட, வெப்பம் தாங்கும் உலோகத்தூள் பேட்டுகள் பெருகும். அவை இன்னும் விறைப்பானவை. இன்று விட்டால் நாளை வேலை கடினமாகும்.

நான்காவது, பாதுகாப்பில் சமரசம் கூடாது. அமைதிக்காக வண்டி நிற்கும் தூரம் ஒரு மீட்டர்கூட நீளக் கூடாது. மழையிலும் தொடர்ந்து பிரேக் போட்ட சூட்டிலும் பிடிப்பு மாறாத பேட்டுக்கே அனுமதி தர வேண்டும். அமைதியா பாதுகாப்பா என்று எங்களிடம் தேர்வு வைக்க வேண்டாம், இரண்டும் வேண்டும்.

ஐந்தாவது, கொள்முதல். தாமதத்துக்குச் செலவைக் காரணம் காட்ட முடியாது என்பதை இங்கே காட்டுகிறோம். பிரேக் பேட் நிரந்தரப் பாகம் அல்ல. 35 மில்லிமீட்டர் கனத்தில் பொருத்தப்பட்டு, தேயத் தேயக் கழற்றி எறியப்படுவது. ஓர் எல்.எச்.பி. பெட்டியில் நான்கு அச்சு, எட்டுத் தட்டு, தட்டின் இருபுறமும் இரண்டு பாதிகளாகப் பேட். மொத்தம் 32 துண்டுகள். 22 பெட்டிகள் உள்ள வண்டியில் 704. இத்தனையும் தேய்ந்து எப்படியும் மாற்றப்படத்தான் போகின்றன. பெட்டியை உடைக்க வேண்டாம், தட்டை மாற்ற வேண்டாம். பழைய பேட் கழலும்போது அதே காடியில் அமைதியான பேட்டை நுழைத்தால் போதும். ஒலி வரம்பு இல்லாமல் விடப்படும் ஒவ்வொரு டெண்டரும் அந்தப் பேட்டுகள் தேய்ந்து முடியும் வரை எங்கள் தூக்கத்தைப் பறிக்கிறது. ஆகவே வரம்பு முடிவானதும் அடுத்து வரும் டெண்டரிலேயே அதை நிபந்தனையாக்க வேண்டும். விலையை மட்டும் பார்க்காமல், வரம்புக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்பதற்கும் மதிப்பெண் தர வேண்டும்.

ஆறாவது, பராமரிப்பு. பேட்டைத் தட்டின் மீது அழுத்தும் காலிப்பர் தளர்ந்திருந்தால் நல்ல பேட்டும் கத்தும். தேய்ந்த புஷ், ஆடும் பின், ஒருபக்கமாகத் தேய்ந்த பேட், பளபளத்து இறுகிய மேற்பரப்பு ஆகியவற்றை, பெட்டிகளைப் பராமரிக்கும் பிட் லைனில் பார்க்கும் ஊழியருக்குக் கிறீச்சொலி வந்த பெட்டியின் எண் கையில் இருக்க வேண்டும். ரயில்வேயின் 139 உதவி எண்ணிலும் ரயில்மதத் புகார்ச் செயலியிலும் பிரேக் சத்தத்துக்கென்று தனிப் பிரிவு திறந்தால், பயணியே பெட்டி எண்ணைச் சொல்லிவிடுவார். சொன்ன புகார் அடுத்த பராமரிப்புச் சீட்டில் ஏற வேண்டும். என்ன செய்யப்பட்டது என்று சொன்னவருக்குப் பதில் போக வேண்டும். வேலை கூடும் இடத்தில் ஆளும் கூட வேண்டும் என்பதையும் சேர்த்தே கோருகிறோம். பிட் லைன் தொழிலாளியின் தலையில் இதைச் சும்மா ஏற்றிவிடக் கூடாது.

ஏழாவது, எங்கே முதலில் என்பது. சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. எழும்பூர் நிலையம் இருக்கும் அதே எழும்பூரில்தான் அரசு மகப்பேறு மருத்துவமனையும் குழந்தைகள் நல மருத்துவமனையும். இந்த இரு நிலையங்களுக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வந்து சேரும் வண்டிகளுக்கே முதல் அமைதிப் பேட்டுகள் பொருத்தப்பட வேண்டும்.

எட்டாவது, மின்சார பிரேக். மோட்டாரையே பிரேக்காக்கி மின்சாரத்தைத் திருப்பித் தரும் வண்டிகளில், அந்த வசதியை வேகம் எவ்வளவு குறையுமோ அவ்வளவு வரை இழுத்துப் பயன்படுத்தும்படி கட்டுப்பாட்டு நிரலைத் திருத்த வேண்டும். பேட் தட்டைத் தொடும் நேரம் குறைந்தால் சத்தமும் குறையும், பேட்டும் மிஞ்சும்.

ஒன்பதாவது, காதுகள். போர்ட்டர், தேநீர் விற்பவர், துப்புரவுப் பணியாளர், பிட் லைன் ஊழியர் என எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ரயில்வே மருத்துவமனையில் இலவசக் கேள்திறன் சோதனை வேண்டும். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற பேதம் இதில் கூடாது. சத்தம் அந்தப் பேதம் பார்ப்பதில்லை. பார்வையற்ற பயணிகளுக்கு நடைமேடை அறிவிப்பே கண். வண்டி கிறீச்சிட்டு நுழையும் அந்த நேரத்தில்தான் எந்த நடைமேடை, எந்தப் பெட்டி எங்கே என்ற அறிவிப்பும் ஒலிக்கிறது. சத்தம் ஓய்ந்த பிறகு அந்த அறிவிப்பை மீண்டும் ஒருமுறை சொல்லும் ஏற்பாட்டை நாளையே தொடங்கலாம். அதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை.

பத்தாவது, தேதி. ஜெர்மனி 2017இல் சட்டம் இயற்றி, 2020 டிசம்பர் முதல் சத்தமிடும் வார்ப்பிரும்புக் கட்டை பூட்டிய சரக்குப் பெட்டிகள் தன் பாதையில் ஓடக் கூடாது என்றது. பெட்டிகளின் உரிமையாளர்களில் பெரும்பாலோர் அந்தத் தேதிக்குள் கட்டைகளை மாற்றினார்கள். தேதி குறித்ததால் நடந்தது. எங்களுக்கும் தேதி வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஒலி வரம்பு; ஓராண்டுக்குள் சென்ட்ரல், எழும்பூர் இரவு வண்டிகளில் சோதனை ஓட்டம்; மூன்றாண்டுக்குள் தெற்கு ரயில்வேயின் எல்லா எல்.எச்.பி. பெட்டிகளிலும் வரம்புக்குட்பட்ட பேட்டுகள். எத்தனை பெட்டிகள் மாறின, எத்தனை பாக்கி, அளந்த டெசிபல் என்ன என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தமிழில் நிலைய அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அளவீடு நடக்கும் நாளில் எங்கள் பிரதிநிதிகளும் உடனிருப்பார்கள்.

ரயில்வே வாரியமும் ஆர்.டி.எஸ்.ஓ.வும் ஐ.சி.எஃப்.பும் தெற்கு ரயில்வேயும் இந்தப் பத்துக் கோரிக்கைகளில் ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றோ, எந்தத் தேதியில் என்றோ 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். பாதையோரம் வாழும் ஒவ்வொருவரும், நடைமேடையில் நிற்கும் ஒவ்வொருவரும் இதில் கையெழுத்திடுங்கள். கிறீச்சிடும் பெட்டியின் எண்ணை இன்று முதல் குறித்து வையுங்கள்.