பாலை வழிச் செல்வோர்க்கு

வளைகுடா நாடொன்றிலே தொழில்புரியும் என் பழைய மாணவன் ஒருவன் அண்மையில் எனக்கொரு மடல் விடுத்திருந்தான். வருகின்ற விடுமுறையில் நண்பர் நால்வர் சேர்ந்து, நான்கு சில்லுகளும் உந்தும் வண்டியொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பாதையில்லாப் பாலைவனத்தினூடே இரண்டு நாட் பயணம் போகப் போகின்றார்களாம். "ஐயா, தங்கள் ஆசி வேண்டும்" என்று முடித்திருந்தான். அதன் கீழே, "அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை" என்றும் ஒரு வரி இருந்தது. ஆசி கூறுவது எளிது. அந்தக் கடைசி வரிதான் என் மனத்தை விட்டு அகல மறுத்தது. அவனுக்கு எழுதிய விடையையே இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றேன். அந்நாடுகளிலே பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே பல அன்றோ?

பாலைவனத்தை நான் கண்டதில்லை. ஆயினும் மணலில் அகப்பட்ட அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வடமராட்சி மணற்காட்டுக்கு மாணவர் சிலரை ஏற்றிச் சென்றபோது, என் பழைய கார் மணலிற் புதைந்தது. நான் அக்சிலேற்றரை அழுத்த அழுத்தச் சில்லுகள் சுழன்று, அச்சு மணலைத் தொடும் வரைக்கும் குழி தோண்டிவிட்டன. அவ்வழி வந்த கடற்றொழிலாளப் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "மாஸ்டர், உழக்கிறதை விடுங்கோ, ரயரிலை காத்தைக் கொஞ்சம் இறக்குங்கோ" என்றார். கைகளால் மணலை அகற்றி, காற்றையும் இறக்கிய பின் கார் மெல்ல வெளியேறிற்று. பௌதிகம் கற்பிப்பவன் நான். பாடம் சொன்னவர் அவர்.

அதே பாடத்தை லிபியப் பாலைவனத்திலே கற்றவர் றால்ப் பக்னோல்ட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. 1896இற் பிறந்து 1990இல் மறைந்த இவர், கேம்பிரிட்ஜிற் பொறியியல் பயின்றவர். 1920களின் பிற்பகுதியில் எகிப்திற் பணிபுரிகையில், விடுமுறை நாள்களிலே தோழருடன் சாதாரண போர்ட் கார்களில் பாலைவனம் புகுந்தார். பெரு மணற்கடல் என வழங்கும் மணற்குன்றுப் பரப்பைக் காரினாற் கடக்க இயலாதென்றே பலரும் எண்ணியிருந்தனர். 1930இல் அவர்கள் அதனைக் கடந்தனர். அவர்களுடைய கார்களிற் பின்சில்லுகள் மாத்திரமே உந்தின என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். வண்டியின் வலிமையன்று, முன்னேற்பாடே அவர்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைக் கவனிக்க. வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரயரினுள் அடைபட்ட காற்று. அக்காற்றின் அமுக்கத்தைப் பாதியாக்கினால், அதே பாரத்தைத் தாங்குதற்கு ஏறக்குறைய இரு மடங்கு பரப்பு நிலத்தைத் தொடவேண்டும். ரயர் தட்டையாகிறது, பாரம் பரவுகிறது, வண்டி அமிழாமற் செல்கிறது. ஒட்டகத்தின் அகன்ற அடி செய்யும் வேலையும் இதுவே. தார்ப் பாதையிற் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் வரையில் இருக்கும் காற்றை, மென்மணலில் 15 முதல் 18 வரை இறக்குவது இன்றைய வழக்கம். ஆனால் காற்றிறங்கிய ரயருடன் வேகமாகத் திரும்பலாகாது. அது விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். வன்னிலத்துக்கு மீண்டவுடன் காற்றடைக்கவும் வேண்டும். இல்லையேல் ரயர் சூடேறிக் கெடும். ஆகவே அமுக்கமானியும் காற்றடைக்கும் பம்பும் இல்லாமற் புறப்படுவது, இறங்கத் தெரிந்து ஏறத் தெரியாதவன் கிணற்றில் இறங்குவது போலாகும்.

அடுத்தது நீர். பக்னோல்டின் காலத்துக் கார்களில் றேடியேற்றர் கொதித்து, நீர் ஆவியாய் வீணே போய்விடும். அவர் அந்த ஆவி வெளியேறும் வழியை அடைத்து, ஒரு குழாய் மூலம் வண்டியின் பக்கத்தே பொருத்திய நீர்த் தகரத்தினுட் செலுத்தினார். ஆவி அங்கே குளிர்ந்து நீராயிற்று. தகரமும் கொதிக்கத் தொடங்கினால் வண்டியைக் காற்று வீசும் திசைக்கு எதிராகத் திருப்பி, சற்று நிறுத்துவார். றேடியேற்றர் ஆற, உள்ளே வெற்றிடம் உண்டாகி, தகரத்து நீர் தானாகவே திரும்ப உறிஞ்சப்படும். எஞ்சினுக்கென ஊற்றிய நீரிலே ஒரு துளியும் வீணாகாததால், கொண்டுபோன நீர் மனிதருக்கு எஞ்சியது.

இன்றைய வண்டிகளில் அவ்வேலையை மூடிய குளிர்த்தும் அமைப்பே செய்துவிடுகிறது. மனிதருக்கு வேண்டிய நீரோ குறையவில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என்பது குறைந்த அளவு. வெயில் முதிர்ந்த மாதங்களில் அதுவும் போதாது. இரண்டு நாட் பயணமாயினும் நான்கு நாளுக்குரிய நீரை எடுத்துக்கொள்க. அதனை ஒரே கலத்தில் நிறைக்காமற் பல கலங்களிற் பகிர்ந்து வைக்க. ஒன்று ஒழுகினால் மற்றவை காக்கும். எரிபொருளை மூன்று பங்காக எண்ணுக: ஒன்று போவதற்கு, ஒன்று வருவதற்கு, ஒன்று எண்ணாமல் வருவதற்கு. மணலிலே வண்டி பாதையிற் குடிப்பதிலும் மிகுதியாகக் குடிக்கும். சவள் ஒன்று, மணலில் அமிழாதபடி அடியில் வைக்கப் பலகையுடன் ஜாக், மேலதிகச் சில்லு, இழுவைக் கயிறு, சில்லின் கீழ் இடுவதற்கான தகடுகள் ஆகியனவும் வேண்டும். முதலாம் உலகப் போரிற் பதுங்குகுழிகளுக்குக் கூரையிடச் செய்த உருக்குத் தகடுகளைக் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையொன்றிற் கண்டெடுத்து, பக்னோல்ட் இப்பணிக்குப் பயன்படுத்தினார்.

திசையறிவதும் ஓர் ஏற்பாடே. காரின் இரும்பு காந்த ஊசியைப் பிறழச் செய்யும். ஆதலின் அவர் பாகை குறித்த வட்டத்தட்டின் நடுவே ஓர் ஊசியை நிறுத்தி, சூரியனால் விழும் அதன் நிழலைக் கொண்டு திசை பிடித்தார். இரவிலே விண்மீன்களை அளந்து இடம் கண்டார். இக்காலத்தில் செய்மதி வழிகாட்டும் கருவி உண்டு. எனினும் மின்னேற்றம் தீர்ந்த கருவி வெறும் கண்ணாடித் துண்டே. கடதாசி வரைபடமும் ஒரு திசைகாட்டியும் உடனிருக்கட்டும். வண்டியை விட்டுச் சில அடி தள்ளி நின்று திசைகாட்டியைப் பார்க்க.

செலுத்தும் முறையில் மூன்று விதிகள் போதும். மணற்குன்றில் நேரே ஏறி நேரே இறங்குக. சாய்வின் குறுக்கே போனால் வண்டி உருளும். உச்சிக்கு அப்பால் என்ன உண்டென்பதை நடந்து சென்று பார்த்தபின் கடக்க. காற்று மறைவுப் பக்கம் ஏறக்குறைய 34 பாகைச் சரிவாய் விழுந்திருக்கும். புதைந்தால் உடனே காலை எடுத்துவிடுக; தோண்டுக, வந்த தடத்திலே பின்வாங்குக.

இனி உன்னைப் பற்றி. முதல் நாள் இரவு நன்றாக உறங்கு. தளர்ந்த பருத்தி உடையும், தலையையும் கழுத்தையும் மறைக்கும் துணியும் வேண்டும். சில்லு மாற்றுவதை வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பழகு. பாலைவனம் அறிந்தவர் ஒருவரைத் துணைகொள். ஒரே வண்டியிற் போகாதே. ஒன்று புதைந்தால் இழுப்பதற்கு மற்றொன்று வேண்டும். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதே. அதன் நிழல் உன்னைக் காக்கும். தேடுவோர் கண்ணுக்கு மனிதனைவிட வண்டியே முதலிற் படும்.

எல்லாவற்றிலும் தலையாயது, எவ்வழி செல்கிறாய், எந்நேரம் மீள்வாய் என்பதை எழுதி, பொறுப்புள்ள ஒருவரிடம் கொடுப்பது. குறித்த நேரம் கடந்தால் அவர் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்பதையும் எழுது. கைத்தொலைபேசி அங்கே செவிடாகிவிடும்; இயலுமாயின் செய்மதித் தொலைபேசி ஒன்றை வாடகைக்குப் பெறுக.

தமிழிலக்கியம் பாலைக்குரிய ஒழுக்கமாகப் பிரிவைக் கூறிற்று. பொருள்தேடிப் போனவனும் காத்திருப்பவளும் இருவருமே அத்திணைக்குரியவர். நீ ஏற்கெனவே பொருள்தேடிப் பிரிந்தவன். உன் தாய்க்கு அறியாமல் இன்னொரு பாலையையும் இடையே வைக்காதே. மறைத்துப் போகும் பயணத்துக்கு மீளும் நேரம் குறிப்பவர் எவருமில்லை. நம் வீடுகளிற் புறப்படுவோர் "போகிறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வாறன்" என்றே சொல்வர். அம்மாவிடம் அதைச் சொல். சொல்லும்போது உன் குரல் தடுமாறாத அளவுக்கு ஏற்பாடுகள் முடிந்திருந்தால், என் ஆசியும் உண்டு.