கூரைக்கு ஒட்டுப் போட ஒரு நாள் வேண்டும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. சென்னை நகரம் ஓராண்டில் பெறும் மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. ஆட்டோ ரிக்ஷாவின் கூரை மக்கள் வாயில் அடிபடுவதும் இந்த மாதங்களில்தான். தொழிலாளர்கள் அதை 'டாப்' என்பார்கள். இரும்புக் கம்பி வளைவுகளின் மேல் இழுத்துக் கட்டிய ரெக்சின் துணி அது. அதில் ஒரு விரல் நீளக் கிழிசல் இருந்தால் போதும், பின்னால் உட்கார்ந்திருப்பவரின் தோள் நனைந்துவிடும். "காசு வாங்கத் தெரிகிறது, கூரையை அடைக்கத் தெரியவில்லையா?" என்று அவர் கேட்கிறார். ஓட்டுநர் வாய் திறப்பதில்லை.

பயணியின் கோபத்தை நாம் குறை கூறவில்லை. காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய் கோபப்படாமல் என்ன செய்வாள்? ஆனால் அந்தக் கோபம் சேரவேண்டிய இடம் ஓட்டுநர்தானா? கிழிசல் ஏன் விழுகிறது, அதை எப்படி அடைக்க வேண்டும், ஏன் அடைக்காமல் விடப்படுகிறது என்ற மூன்றையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வோம்.

கிழிவது ஏன்?

ரெக்சின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் என்னும் ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். அந்தக் கம்பெனி துணியின் மேல் நைட்ரோ செல்லுலோஸ் பூசித் தோல் போலச் செய்து விற்றது. இன்று பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. நமது ஆட்டோவின் கூரையில் இருப்பது பி.வி.சி. பூசிய துணி. தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பி.வி.சி.தான். குழாயில் விறைத்து நிற்கும் அந்தப் பொருள் துணியின் மேல் மட்டும் எப்படி வளைந்து கொடுக்கிறது? எண்ணெய் போன்ற ஒரு திரவத்தை அதோடு கலப்பதால் அது இளகுகிறது. அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியில் வேலை செய்த வால்டோ செமன் என்ற ரசாயன நிபுணர் 1926-இல் இந்த வழியைக் கண்டறிந்தார்.

இளக்கும் அந்தத் திரவம் வெயிலில் சிறிது சிறிதாக வெளியேறிவிடுகிறது. ஸ்டாண்டில் நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் வண்டியின் கூரை மெல்ல மெல்ல விறைக்கிறது. பிறகு மேற்பூச்சில் நரம்பு போல வெடிப்பு ஓடுகிறது. வெடிப்பின் வழியே இறங்கும் ஈரம் அடித்துணியை இற்றுப்போகச் செய்கிறது. கம்பி வளைவு உராயும் இடம், தையல் ஓடும் இடம், ரிவெட் அடித்த மூலை ஆகிய மூன்று இடங்களிலும் முதலில் கிழிகிறது.

ஆகவே ஓட்டுநரின் அலட்சியம் இந்தக் கிழிசலை உண்டாக்கவில்லை. வெயிலும் காலமும் உண்டாக்கின. டயர் தேய்வது போல, பிரேக் கட்டை தேய்வது போல, இதுவும் தேய்மானமே.

அடைக்கும் முறை

ஒட்டுப் போடுவது சில்லறை வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நடைபாதையில் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்து சீட்டும் கூரையும் தைக்கும் தொழிலாளியைக் கேட்டால் அது எத்தனை நுணுக்கமான கைவேலை என்பது தெரியும்.

முதலில் கிழிசலைச் சுற்றிச் சோப்பு நீரால் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். பளபளப்புக்காகப் பூசிய பாலிஷ் மிச்சமிருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்டுத் துண்டைக் கிழிசலைவிட நாலா பக்கமும் ஒன்றரை அங்குலம் பெரிதாக வெட்ட வேண்டும். அதன் மூலைகளை வளைவாக்க வேண்டும். கூர்மையான மூலைதான் முதலில் பெயர்ந்து எழும்பும். துண்டை உட்புறத்தில் ஒட்டுவது நல்லது. அங்கே அடித்துணி வெளியே தெரிவதால் பசை ஊன்றிப் பிடிக்கும், மேலே ஓடும் நீரும் காற்றும் ஒட்டின் விளிம்பைப் பிய்க்காது. வெளிப்புறத்தில் ஒட்டித்தான் ஆகவேண்டுமென்றால் ஓடு வேய்வது போல, மேலே இருப்பது கீழே இருப்பதின் மேல் படியும்படி வைக்க வேண்டும்.

பசை விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். சைக்கிள் கடைப் பஞ்சர் சொல்யூஷன் பழைய கித்தான் கூரைக்குச் சரி. பி.வி.சி. கூரையில் அது நிலைக்காது. முன்பு சொன்ன எண்ணெய்த் திரவம் கசிந்து ரப்பர்ப் பசையை இளக்கிவிடும். பி.வி.சி.க்கென்றே உள்ள பசையோ பாலியூரிதேன் பசையோதான் ஏற்றது. குழாய் அடைக்கும் எம்-சீல் கல்லாக இறுகும், கூரை ஆடும்போது வெடித்துவிடும். ஜன்னல் விளிம்பில் பூசும் சிலிக்கானை ஒருமுறை தடவிவிட்டால் பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. இரு பக்கமும் மெல்லியதாகப் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, அடியில் ஒரு பலகை கொடுத்து அழுத்தித் தேய்க்க வேண்டும்.

நீண்ட கிழிசலுக்குத் தையலும் தேவை. பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். பாலியெஸ்டர் நூல் நிற்கும். தையலை மிக நெருக்கமாகப் போட்டால் தபால் தலை விளிம்பு போல ஓட்டை வரிசையாகி, துணி அந்தக் கோட்டிலேயே மறுபடி கிழியும். போட்ட தையலின் ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வாசல் என்பதால், அதே பசையை வெளிப்புறத்தில் மெல்லிய கோடாக இழுத்து அடைக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் வண்டியை ஒரு நாள் முழுக்க நனையாமலும், கூரையை இழுத்துக் கட்டாமலும் விட்டுவைக்க வேண்டும். பசை முழுப் பலம் பெற அந்த அவகாசம் அவசியம்.

அந்த ஒரு நாள் யாருடையது?

எல்லாத் தொல்லையும் இங்கேதான் இருக்கிறது. வாடகை ஆட்டோ ஓட்டும் தொழிலாளி காலையில் வண்டியை எடுத்தால் இரவில் வாடகை கட்ட வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை வாடகைதான். கூரைக்காக ஒரு நாள் வண்டியை நிறுத்தினால் அன்றைய கூலி போயிற்று. வாடகை கைக்காசிலிருந்து போயிற்று. ஒட்டுக்கான செலவும் அவன் தலையில். ஒரு கிழிசலுக்கு மூன்று அபராதம்! இந்த நிலையில் அவன் என்ன செய்வான்? ஒட்டும் நாடாவைச் சுற்றுகிறான். தேர்தல் முடிந்து கழற்றிப் போட்ட பிளெக்ஸ் தட்டியை மேலே கட்டுகிறான். தலைவர்களின் சிரித்த முகங்கள் மழையில் நனைந்துகொண்டு ஊர்வலம் போகின்றன. விரல் நீளக் கிழிசல் சில வாரங்களில் முழ நீளமாகிறது. கடைசியில் எப்.சி. காட்டும் நாள் நெருங்கும்போது கூரை முழுவதையுமே மாற்ற வேண்டியதாகிறது.

இதில் லாபம் அடைந்தவர் யார்? பயணி இல்லை, ஓட்டுநர் இல்லை, வண்டியின் சொந்தக்காரரும் இல்லை. ஒரு நாள் வாடகையை விட மறுத்த சொந்தக்காரர் ஒரு முழுக் கூரையின் விலையைக் கொடுக்கிறார், அல்லது அதையும் ஓட்டுநரிடமே கறக்கிறார்.

தொழிலுக்கான வண்டியின் தேய்மானத்தை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. தேய்மானம் உடைமைக்காரரின் கணக்கு என்பதை இதன் மூலம் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அப்படியிருக்கக் கழிவு சொந்தக்காரருக்கு, கிழிசல் தொழிலாளிக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

"எங்களில் பலர் ஒற்றை வண்டி வைத்திருப்பவர்கள், நாங்களும் கடனாளிகள்தான்" என்று சிலர் கூறுகிறார்கள். உண்மைதான். கடன் வாங்கிச் சொந்த வண்டி ஓட்டும் தொழிலாளியும் இதே சங்கடத்தில்தான் இருக்கிறார். தவணை தேதி மழைக்காக ஒதுங்கி நிற்பதில்லை. 2013 ஆகஸ்டில் சர்க்கார் நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 2021-இல் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோதும் அந்தக் கட்டணம் அப்படியே நின்றது. டயரும் கூரையும் பிரேக்கும் தேயும் என்பதைக் கணக்கில் கொள்ளாத கட்டணத்தை வைத்துக்கொண்டு, கூரை ஒழுகுகிறதே என்று ஓட்டுநரைக் கடிவதில் பயனில்லை.

நாம் கேட்பது

நமது கோரிக்கைகள் மலையைப் புரட்டும் கோரிக்கைகள் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், மழைக்கு முன், வாடகை ஆட்டோவுக்குக் கூரை பழுதுபார்க்க ஒரு நாள் வாடகை இல்லாமல் விடவேண்டும். பசை, துணி, தையல் கூலி ஆகியவற்றைச் சொந்தக்காரர் ஏற்கவேண்டும். மீட்டர் கட்டணத்தை நிர்ணயிக்கும்போது பழுதுச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கூரை தைக்கும் தொழிலாளியையும் மறந்துவிடக் கூடாது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பண்டம் விற்பவரை மட்டுமல்ல, தெருவில் சேவை செய்து பிழைப்பவரையும் பாதுகாக்கிறது. நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று அவருடைய தையல் இயந்திரத்தைத் தூக்கிச் செல்லும் அதிகாரிகள் அந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும்.

சர்க்காரும் சொந்தக்காரரும் அசையும்வரை ஸ்டாண்டுத் தோழர்கள் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் பொதுவாக ஒரு பெட்டி வைக்கலாம். ஒரு கெஜம் ரெக்சின், ஒரு டப்பா பசை, பாலியெஸ்டர் நூல், ஊசி, கத்தரி போதும். கை தேர்ந்த ஒருவர் மற்றவருக்குக் கற்றுக் கொடுக்கலாம். வாடகையில்லாத அந்த ஒரு நாளை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய்க் கெஞ்சாமல் ஸ்டாண்டே ஒன்றாகப் போய்க் கேட்கவேண்டும். தனியாள் கேட்டால் வண்டிச் சாவியைப் பிடுங்கி வேறொருவனிடம் கொடுப்பார்கள். ஐம்பது பேர் கேட்டால் சாவியைக் கொடுக்க ஆள் இருக்காது.

நனைந்த பயணிகளும் இதில் நமது பக்கம் நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஓட்டுநருக்குக் கிடைக்கும் அந்த ஒரு நாளில்தான் அவர்கள் தலைக்கு மேலுள்ள கூரையும் அடைபடும்.