சைஸ் மட்டும் கேட்டால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், உத்திரமேரூர்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரச்சொல்லி மாணவர் பேரவை கேட்டதும், நம்ம வகுப்பில் பாதிப்பேர் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஓ ரிங்கைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் விடுதியில் ஒரே சிரிப்பு. "ஏன்டா, ரப்பர் வளையத்தைப் பத்தி எழுத என்னடா இருக்கு?" என்று கேட்டவர்களில் முக்கால்வாசிப்பேர் மெக்கானிக்கல்! அதனாலேயே எழுதித்தான் தீருவது என்று முடிவு செய்தேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

போன சித்திரை மாதம். எங்கள் பக்கத்தில் நவரைப் பட்டத்து அறுவடை. என் மாமா இன்னும் இரண்டு பேரோடு கூட்டுச் சேர்ந்து, பழைய நெல் அறுப்பு மெஷின் ஒன்றை வாங்கி மணிக்கணக்கு வாடகைக்கு ஓட்டுகிறார். ஒருநாள் காலையில் கட்டர் பாரைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லைனில், ஒரு ஜாயிண்டில் ஆயில் ஒழுகியது. கழற்றிப் பார்த்தால் ஓ ரிங் அறுந்திருந்தது. "நீதான் டிப்ளமா படிக்கிறியேடா, சரியானதா பாத்து வாங்கிட்டு வா" என்று என்னை அனுப்பினார் மாமா.

எனக்கு ஒரே பெருமை. வெர்னியரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். உள்விட்டம் இவ்வளவு, கனம் இவ்வளவு என்று புள்ளி சுத்தமாகச் சொன்னேன். கடைக்காரர் டப்பாவைக் கிளறி ஒரு கறுப்பு ரிங்கை எடுத்துக் கொடுத்தார். அளந்து பார்த்தேன், அச்சு அசலாகப் பொருந்தியது. விலை ஒரு டீக்காசு. மாட்டினோம், மெஷின் ஓடியது.

மறுநாள் மத்தியானம் அதே இடத்தில் முன்னைவிட மோசமாக ஒழுகியது. கழற்றினால், ரிங் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, குரூவை விட்டுப் பிதுங்கிக் கிடந்தது. மெஷின் நின்றது. அந்தக் கழனியில் இன்னும் ஒன்றரை ஏக்கர் அறுக்காமல் பாக்கி. அன்று ராத்திரியே கோடை மழை கொட்டியது. கதிர் சாய்ந்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பது வழக்கமான விதி. அந்த விவசாயி ஈர நெல்லை ரோட்டில் கொட்டி நாலு நாள் கிளறிவிட்டு, கடைசியில் வியாபாரியிடம் கேட்ட விலைக்குக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் ரொம்பச் சுட்டது.

உப்பிய ரிங்கை பஜாரில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். விரலில் ஒரு உருட்டு உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தண்ணி லைனுக்குப் போடற ரப்பர் தம்பி. எண்ணெய்ல போட்டா ஊதிக்கும். சைஸ் சரியாத்தான் கேட்டிருக்க. எந்த எண்ணெய்ல வேலை செய்யணும்னு கேட்டியா?"

கேட்கவில்லை நண்பர்களே. கடைக்காரர்மேல் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் கேட்டது சைஸ், அவர் கொடுத்தது சைஸ். என் கருத்தும் இதுதான்: ஓ ரிங் வாங்கும்போது சைஸ் என்பது கடைசிக் கேள்வி. நாமோ அதை முதல் கேள்வியாகவும் ஒரே கேள்வியாகவும் கேட்கிறோம்.

முதல் கேள்வி: எதை அடைக்கப் போகிறோம்? ஹைட்ராலிக் ஆயில், டீசல், கிரீஸ் என்றால் நைட்ரைல் ரப்பர். தண்ணீர், வெந்நீர் என்றால் ஈ.பி.டி.எம். இந்த ஈ.பி.டி.எம். வெயிலுக்கும் மழைக்கும் அசராது. ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் போச்சு, உப்பிவிடும். என் கையில் வந்தது அதுதான். தலைகீழாகவும் நடக்கும். சாதாரண பிரேக் ஆயிலை நாம் 'ஆயில்' என்று சொன்னாலும் அது பெட்ரோலிய எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகை. அதற்கு ஈ.பி.டி.எம். ஒத்துப்போகும், நைட்ரைல் ஒத்துப்போகாது. பிரேக் டப்பாவில் தெரியாத்தனமாக இஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் கப் எல்லாம் உப்பிப்போவது இதனால்தான். பெயரில் 'ஆயில்' இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

இரண்டாவது: எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர்? நைட்ரைல் ஏறக்குறைய 100 டிகிரி வரை தாங்கும். ஈ.பி.டி.எம். 130 முதல் 150 வரை. வைட்டான், சிலிக்கான் இரண்டும் 200 வரை. வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே சுமார் 120 டிகிரி. அம்மா 'கேஸ்கட் இறுகிப்போச்சு' என்று வருஷத்துக்கு ஒன்று மாற்றுவது சும்மா இல்லை. இதே நினைப்பில் ரைஸ் மில் பாய்லரிடம் போகாதீர்கள். 10 பார் அழுத்தத்தில் நீராவி 180 டிகிரியைத் தாண்டும். அங்கே ஈ.பி.டி.எம்மும் நிற்காது. சாதாரண வைட்டானுக்கும் சூடான நீராவி ஆகாது. கிராஃபைட் கேஸ்கட்தான் சரி. சில இடத்தில் சரியான ரப்பர் எது என்றால், ரப்பரே இல்லை என்பதுதான் பதில்!

மூன்றாவது: எவ்வளவு அழுத்தம், ஆடுகிற இடமா ஆடாத இடமா? ஓ ரிங் வேலை செய்கிற விதம் அழகானது. குரூவில் உட்காரும்போதே கொஞ்சம் நசுங்கி உட்காரும். அழுத்தம் வந்ததும் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இன்னும் இறுக்கி அடைக்கும். ஆடாத இடத்தில் 15 முதல் 30 சதவீதம் நசுங்கலாம். பிஸ்டன் மாதிரி ஆடுகிற இடத்தில் 10 முதல் 20 போதும். அதிகமானால் உராய்ந்து தேயும். கணக்கு சுலபம். கனம் 3.53 மி.மீ., குரூவ் ஆழம் 2.8 மி.மீ. என்றால் நசுங்குவது 0.73 மி.மீ., அதாவது சுமார் 21 சதவீதம். ரப்பர் நசுங்கும், ஆனால் அதன் கொள்ளளவு குறையாது. அதனால் குரூவை முழுக்க அடைத்துவிடாமல், உப்புவதற்குக் கொஞ்சம் காலி இடம் விடவேண்டும். பொதுவான வேலைக்கு ஷோர் ஏ 70 கடினம். அழுத்தம் அதிகமானால் 90, கூடவே பின்னால் ஒரு பேக்கப் ரிங்.

நான்காவது: ரப்பருக்கு வயசு என்ன? சிரிக்காதீர்கள், ரப்பருக்கும் வயசு உண்டு. ஐ.எஸ்.ஓ. 2230 தரவிதிப்படி, வெயிலும் சூடும் படாமல் ஒழுங்காக வைத்திருந்தால் நைட்ரைலுக்கு 7 வருஷம், ஈ.பி.டி.எம்., வைட்டான், சிலிக்கானுக்கு 10 வருஷம். அதற்குப் பிறகு பரிசோதித்துப் பார்த்துத்தான் தொடரவேண்டும். ஆணியில் கொத்தாக மாட்டி வாசலில் வெயில் காய்கிற ரிங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் சைஸ். அதிலும் அங்குல வரிசை, மில்லிமீட்டர் வரிசை என்று இரண்டு உண்டு. 3.53-ம் 3.5-ம் கண்ணுக்கு ஒன்றுதான், பட்டியலில் வேறு வேறு. நிறத்தைப் பார்த்து முடிவு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பச்சை, பழுப்பு என்றால் வைட்டான் என்று நம்பாதீர்கள். நிறம் வெறும் சாயம். நைட்ரைலும் கறுப்பு, ஈ.பி.டி.எம்மும் கறுப்பு, வைட்டானிலும் கறுப்பு உண்டு.

"எதுக்குடா இவ்வளவு வம்பு? விலை கூடின வைட்டானையே எல்லா இடத்துக்கும் போட்டுட்டா தீர்ந்துச்சு" என்று ஒரு நண்பன் சொன்னான். அவனுக்குப் பதில் சொல்ல அமெரிக்கா வரைக்கும் போகவேண்டும்.

1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73-ஆவது வினாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். காரணம், பக்கத்து ராக்கெட்டின் ஜாயிண்டில் இருந்த ஓ ரிங் அடைக்கவில்லை. அந்த ரிங் மலிவுச் சரக்கு அல்ல, நம்ம நண்பன் சொன்ன அதே வைட்டான்தான்! விட்டம் மூன்றரை மீட்டருக்கு மேல், கனம் 7 மி.மீ. அன்று காலை குளிர் சுமார் 2 டிகிரி. வைட்டானுக்குச் சூடு பழக்கம், குளிர் ஆகாது. விறைத்துப்போய், ஜாயிண்ட் விரிந்த வேகத்துக்கு ரிங்கால் திரும்ப எழும்பி அடைக்க முடியவில்லை. பிறகு விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ஃபெய்ன்மன், அந்த ரப்பரில் ஒரு துண்டைக் கிளாம்பில் நெரித்து, ஐஸ் தண்ணீர் தம்ளரில் போட்டு எடுத்து, அது சட்டென்று பழைய உருவத்துக்கு வரவில்லை என்று எல்லோர் முன்னாலும் காட்டினார். கிளாம்ப், தம்ளர், ஐஸ்: நம்ம லேபில் இல்லாத பொருள் இதில் எதுவும் இல்லை.

இதைவிட வேதனை ஒன்று உண்டு. ராக்கெட் செய்த கம்பெனியின் இஞ்சினியர்கள் முந்தின ராத்திரியே 'வேண்டாம்' என்றார்கள். சுமார் 12 டிகிரிக்குக் கீழே கிளப்பக் கூடாது என்று வாதாடினார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜோலி, ஆறு மாதத்துக்கு முன்பே எழுத்தில் எச்சரித்திருந்தார். மேலதிகாரிகள் கேட்கவில்லை. ஆக, சரியான கேள்வி கேட்பது பாதி வேலை. பதில் சரியில்லை என்றால் 'மாட்டாதீங்க' என்று சொல்வது மீதிப் பாதி.

நாளைக்கு நம்மில் பலர் ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டிரெயினியாகப் போகப்போகிறோம். ராத்திரி ஷிப்டில் பிரஸ் நின்றுவிடும். "ஸ்டோர்ஸ்ல இருக்கிறதை மாட்டி ஓட்டுப்பா, காலைல பாத்துக்கலாம்" என்று ஒரு குரல் வரும். அந்த நேரத்தில் பதில் சொல்லத் தெரியவேண்டாமா? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். தப்பான அச்சாணி போட்ட தேர் ஓடும் நண்பர்களே, பாதித் தெருவில் குடைசாயும். அதுதான் இன்னும் ஆபத்து.

அதனால் நம்ம துறைக்கும் பேரவைக்கும் என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, லேபில் ஒரு ஊறவைக்கும் சோதனை. எந்த எண்ணெயில் வேலை செய்யப்போகிறதோ அதே எண்ணெயில் ரிங்கை இரண்டு நாள் போட்டு வைத்து, முன்னும் பின்னும் வெர்னியரில் அளந்து எழுதுவது. நாலு பாட்டில், நாலு ரிங் போதும். செலவு கேன்டீன் பில்லைவிடக் குறைவு.

இரண்டு, ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் இருக்கும் ரிங்குகளைப் பொருள்வாரியாகப் பிரித்து, உறைமேல் பொருள், கடினம், தயாரித்த தேதி மூன்றையும் எழுதுவது.

மூன்று, நம்ம டிராயிங் ஷீட்டில் வெறுமனே 'ஓ ரிங்' என்று எழுதி முடிக்காமல், சைஸ், பொருள், கடினம் மூன்றும் எழுதினால்தான் மார்க் என்று வைப்பது.

முடிக்கும் முன் நம்ம ஊர் விஷயம் ஒன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, பஸ்ஸில் தினமும் தாண்டித்தான் போகிறோம். கி.பி. 921-இல் வெட்டியதில், ஓலையில் ஒருவர் பெயரை எழுதிக் குடத்தில் போடும் முன்னே எத்தனை கேள்வி! கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் உண்டா? சொந்த மனையில் வீடு உண்டா? வயது 35-க்கு மேல் 70-க்குள்ளா? முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரா? இதற்கெல்லாம் தேறினால்தான் ஓலை குடத்துக்குள் போகும். குடத்தில் கைவிட்டு எடுப்பது கடைசி வேலை.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், தகுதி பார்த்துவிட்டுத்தான் குடத்தில் போட்டார்கள் நம்ம ஊரில். நானோ தகுதி பார்க்காமல் டப்பாவிலிருந்து எடுத்ததை வாங்கி வந்தேன். அதற்கான கூலியை வேறொருவர் ஒன்றரை ஏக்கர் நெல்லில் கொடுத்தார்.

அடுத்த முறை கடையில் நின்று "ஒரு ஓ ரிங் குடுங்க" என்று கேட்கும்போது, கடைக்காரர் "என்ன சைஸ் தம்பி?" என்பார். "இருங்கண்ணே, முதல்ல இது என்ன ரப்பர்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். நம்ம கல்லூரிப் பையன் என்று அவருக்கே தெரிந்துவிடும்.